சேவூர்க்காரி கேட்ட கேள்வி

அத்தியாயம் 9

போன வாரம் மாமியார் சித்ராதேவி வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போன கேள்வி, தரணியின் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை.

"என்ற புள்ளை பக்கத்துல யாருங்க மாப்பிள்ளை உக்காந்திருந்தாங்க?"

பெற்றவள் கேட்கிறாள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், குன்னத்தூர் ரோட்டில், அவன் மனைவி நித்யஸ்ரீயின் கார் புளியமரத்தில் மோதியது. ஓட்டியவள் அவள்; அந்த இடத்திலேயே போய்விட்டாள். காரில் வேறு ஆள் கிடையாது. ஆனால் பக்கத்து சீட்டின் பெல்ட் மாட்டியிருந்தது. வெறும் சீட்டுக்குக் குறுக்கே, விறைப்பாக.

முதலில் அதைப் போலீஸ்காரர் பார்த்தார். பிறகு ஊர் பார்த்தது. கூட ஒருத்தன் இருந்தான், இறங்கி ஓடிவிட்டான் என்றார்கள். பெல்ட்டைக் கழற்றாமல் ஒருத்தன் எப்படி இறங்கி ஓடுவான் என்று யாரும் யோசிக்கவில்லை. தரணி யோசித்தான். யோசித்ததில் தூக்கம் போனது. விட்டுவிட்டான்.

ஏர்பேக் விரியவில்லை. மோதிய கோணம் அப்படி என்றார்கள். தரணி நம்பினான். கோணம் தப்பினால் விரியாது என்று அவனே இணையத்தில் நூறு பேருக்கு எழுதியவன்.

அண்ணன் சண்முகவேல்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். காரைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்று மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்.

இந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி வரைக்கும் தரணி அதையும் நம்பியிருந்தான்.

*

சாம்பிள் செக்‌ஷனில் மேஜைமேல் பன்னிரண்டு குழந்தைச் சட்டைகள் கிடந்தன. அண்ணனுடைய பனியன் கம்பெனியில் தரணி மெர்ச்சண்டைசர்; வெளிநாட்டு ஆர்டர்களின் அளவும் சாயமும் அவன் பொறுப்பு. ஒரு கையில் அளவு நாடா. மறு கையில் போன்.

போனில் அவனுக்கு இன்னொரு வேலை இருந்தது. 'நம்ம காரு' என்ற இணையக் குழுவை அவன்தான் நடத்துகிறான். பதினோராயிரம் கார்க்காரர்கள். தினமும் முப்பது பேர் புதிதாக வந்து சேர்வார்கள். கிளட்ச் நாறுகிறது, ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது, டயருக்கு எவ்வளவு காற்று? கேட்டதையே கேட்பார்கள்.

அதனால் ஒன்பது பதில்களை எழுதி நம்பர் போட்டு வைத்திருந்தான். நம்பரைத் தட்டினால் பதில் வந்து விழும். ஒண்ணாம் நம்பர் இது:

'வணக்கம். புது உறுப்பினருக்கு நல்வரவு. இதற்கான விடை பழைய பதிவுகளில் இருக்கும். தேடிப் பார்க்கவும். இந்தப் பதிவு மூடப்படுகிறது.'

நித்யஸ்ரீ போனபிறகு அவன் குழுவில் இருக்கும் நேரம் கூடிவிட்டது. அங்கே யாரும் தோளில் கை வைத்துப் பெருமூச்சு விடுவதில்லை.

அன்றைக்கு ஏழாவது கேள்வி ராபின் என்பவனுடையது.

'அண்ணே, பழைய கார் வாங்கி பதினெட்டு நாள் ஆகுது. பக்கத்து சீட்ல யாரும் இல்லாதப்பவும் பெல்ட் போடச் சொல்லி கத்திக்கிட்டே இருக்கு. என்ன செய்ய?'

தரணி ஒண்ணாம் நம்பரைத் தட்டினான். சட்டையின் கழுத்தை அளந்தான். அரை சென்டிமீட்டர் கூடுதல். குறித்துக்கொண்டான்.

இருபது நிமிடத்தில் ராபினிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

'தேடினேன் அண்ணே. இதே கேள்வியை முன்னாடி ஒருத்தங்க கேட்டுருக்காங்க. நீங்க பதில் சொல்லாம மூடிட்டீங்க. அது போகட்டும். அந்தப் படத்துல இருக்கது என் வண்டி அண்ணே.'

கீழே இரண்டு படங்கள்.

ஒன்று பழையது. இன்னொன்று ராபின் காலையில் எடுத்தது. இரண்டிலும் அதே டேஷ்போர்டு. பழையதில் கிலோமீட்டர் 41,206. புதியதில் 41,873. இரண்டிலும் ஸ்பீடாமீட்டர் கண்ணாடியின் இடது மூலையில், அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

தரணி படத்தைப் பெரிதாக்கினான்.

நித்யஸ்ரீ பொட்டைக் கழற்றினால் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டுவாள். குளியலறைக் கண்ணாடியில் இப்போதும் நான்கு இருக்கின்றன. அவன் எடுக்கவில்லை. எடுக்க என்ன இருக்கிறது?

பழைய பதிவுக்குப் போனான். கேட்டவர் பெயர் 'சேவூர்க்காரி'. நித்யஸ்ரீ பிறந்த ஊர் சேவூர்.

'புதுசா சேர்ந்திருக்கேனுங்க. பக்கத்து சீட்ல ஆளே இல்லாம பெல்ட் அலாரம் அடிக்குதுங்க. சாவி போட்டா ஏர்பேக் விளக்கும் எரியறதில்லீங்க. படம் போட்டிருக்கேன். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?'

அதன்கீழே ஒண்ணாம் நம்பர் பதில். அதன்கீழே அவன் பெயர்.

தேதியைப் பார்த்தான். அவள் புளியமரத்துக்குப் போக ஒன்பது நாள் இருந்தது.

"உங்க குரூப்புல சேந்து கேட்டாத்தான் எனக்கும் பதில் சொல்லுவீங்களா?" ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றான். சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தான்.

அந்தக் காரில் அவன் ஏறியதே மூன்று தடவை. மூன்று தடவையும் ஓட்டியது அவன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தாள். சத்தம் வர வழியில்லை. விளக்கை அவன் பார்க்கவில்லை.

அளவு நாடா கீழே விழுந்து உருண்டது. தரணி ராபினுக்குப் போன் போட்டான்.

*

"அண்ணே! நீங்களே கூப்பிடுதீங்களா!" ராபின் குரலில் சந்தோஷம். பின்னால் ஓவர்லாக் மெஷின்கள் இரைந்தன. "நான் இங்க பேக்கிங் சூப்பர்வைசர்ணே. சொல்லுங்க."

"சாவி போட்டதும் டேஷ்போர்டுல எல்லா விளக்கும் எரியுமுங்களே. அதுல ஒரு ஆளு, முன்னால ஒரு பந்து. அந்தப் படம் எரியுதுங்களா?"

"அப்படி ஒண்ணு எரிஞ்சு பாத்ததில்லையேண்ணே. எரியாட்டி நல்லதுதானே?"

"இல்லீங்க. ரெண்டு மூணு செகண்டு எரிஞ்சு அணையோணும். எரியவே இல்லீன்னா ஏர்பேக் விளக்கை யாரோ புடுங்கியிருக்காங்க."

"அட, அத விடுங்க. கத்துறதுக்குத் தற்காலிகமா ஒரு மருந்து நானே முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்." ராபின் சிரித்தான். "காலி சீட்டு பெல்ட்டச் சும்மா மாட்டி விட்டுட்டேன். கப்புச்சிப்புன்னு ஆயிருச்சு."

தரணி அதையே மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

காலி சீட்டு பெல்ட். சும்மா மாட்டி விட்டால் சத்தம் நின்றுவிடும். அவ்வளவுதான். பதினாலு மாதமாக ஊர் தேடிய ஆள் இதுதான்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்த வண்டியை எடுக்காதீங்க."

"அதெப்படிண்ணே? மூணு மணிக்குக் கெளம்புதோம். வீட்டுக்காரிக்கு ஏழு மாசம். நேத்துதான் வளையல் போட்டோம். சங்கரன்கோயில்ல அவ அம்மா வீட்ல விடணும். பஸ்ஸுல குலுங்கக்கூடாதுன்னுதான் வண்டியே வாங்குனேன்."

"வேண்டாமுங்க."

"காலையில தேடிப் பாருன்னீங்க. இப்ப எடுக்காதங்கீங்க. என்ன விசயம்ணே?"

நாக்கு வரை வந்தது. இது சாவு கண்ட வண்டி, செத்தது என் மனைவி. பதினாலு மாதமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. வரவில்லை.

"ஊடு எங்கீங்க? நான் நேர்ல வர்றேன்."

"அனுப்பர்பாளையம். பாத்திரப் பட்டறைக்குப் பின்னால லைன் வீடு. வாங்க, மூணு மணிக்குள்ள வந்தா..." பின்னால் யாரோ கத்தினார்கள். "மேனேஜர் வாரான். போன வாங்கி வச்சிருவானுக. வச்சிருதேன்."

*

சண்முகவேல் தன் அறையில் துணி மாதிரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தரணி போனை நீட்டினான்.

"நித்யா வண்டிங்கண்ணா. இரும்புக்குப் போகலீங்க. அனுப்பர்பாளையத்துல ஓடிட்டிருக்குது."

அண்ணன் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"சாவு கண்ட வண்டி நம்மூட்டு வாசல்ல நிக்கக்கூடாதுன்னு அன்னிக்குப் பெரியவங்க எல்லாரும் சொன்னாங்க. நீ அந்த நெலமையில இருந்த. புரோக்கர் ஒருத்தன் பாலக்காட்டுப் பக்கம் போயிரும்னான். இனி உன் கண்ணுல படாதுன்னு குடுத்தேன். உனக்கு எதுக்குன்னு இரும்புன்னு சொல்லி வெச்சேன்."

"அதுல இப்ப மாசமா இருக்கிற பொண்ணு போகப் போவுதுங்க."

"வாங்கினவன் பார்த்துத்தானே வாங்கியிருப்பான்?"

"அவளும் பார்த்திருக்காளுங்கண்ணா. பெல்ட் சத்தம் ஏன் வருதுன்னு குரூப்புல வந்து கேட்டிருக்கா. நான்தான் மூடிட்டேன்."

சண்முகவேல் எழுந்து கதவைச் சாத்தினார்.

"என்ன கேட்டா?"

"சத்தத்தைப் பத்தி. அந்த பெல்ட்டை அவளேதானுங்க மாட்டியிருக்கா. கூட யாருமில்லை."

"செரி. மனசை ஆத்திக்கோ. அந்தப் பதிவை அழிச்சுடு."

"எதுக்குங்க?"

"ஊரு மறந்திட்டிருக்குது. போனவ பேரை மறுக்காவும் சந்திக்கு இழுக்கோணுமாடா? நீதானே அங்க பெரிய ஆளு, உன் கையில இருக்குது. அழிச்சுடு கண்ணு. நம்பரைக் குடு, அந்தப் பையன்கிட்ட நான் பேசிக்கறேன். இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன், ரெண்டு மணி வரைக்கும் நீ நவுரக்கூடாது."

'கண்ணு' என்று அண்ணன் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது.

தரணி கீழே இறங்கினான். சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து சட்டைகளை அளந்தான். தரணி குறித்துக் கொடுத்தான். இடையில் ராபினுக்கு ஆறு தடவை போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. 'கிளம்ப வேண்டாம், வருகிறேன்' என்று செய்தி அனுப்பினான். ராபின் பார்க்கவில்லை.

இரண்டு ஐந்துக்கு அண்ணி விஜயராணி பேக்கிங் லிஸ்ட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். செக்கிங் பிரிவு அவள் பொறுப்பு. குரலைத் தாழ்த்தினாள்.

"கதவுக்கு வெளியதான் நின்னேனுங்க தம்பி. கேட்டுட்டேன். மாசமா இருக்கிற புள்ளைங்க. உங்கண்ணன் இன்னும் அந்தப் பையனுக்குப் போன் போடலீங்க. இங்க நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

*

அனுப்பர்பாளையத்துச் சந்தில் பித்தளையைத் தட்டும் சத்தம் மதில்களில் மோதித் திரும்பியது. மணி இரண்டு நாற்பது. வெயில் வெள்ளையாக அடித்தது.

காரை அவன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். பானெட்டுக்குப் புதுப் பெயிண்ட். மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளுப்பு. சாயம் பார்த்தே பிழைக்கிறவன் கண்ணுக்கு அது தப்பவில்லை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

ராபின் டிக்கியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். கை நிறைய கண்ணாடி வளையலோடு அபிராமி தலையணையைப் பின்சீட்டில் போட்டாள்.

"தரணி அண்ணனா? இந்த வெயில்ல ஏண்ணே? ஏட்டி, மோர் கொண்டா."

"மோர் வேண்டாமுங்க. சாவியைக் குடுங்க."

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான். கண்ணெதிரே அரக்குப் பொட்டு. சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒன்று மட்டும் எரியவில்லை.

பக்கத்துக் காலி சீட்டிலிருந்து சத்தம் கிளம்பியது. விட்டு விட்டு. பொறுமையாக.

அபிராமி ஜன்னல் வழியாகக் குனிந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

"அக்கா உக்காந்துட்டாக. இனி போலாம்," என்றாள் அவள்.

"யாரு?"

"நாங்க வச்ச பேருண்ணே." ராபின் சிரித்தான். "யாரும் இல்லாம கத்துதுல்ல, அதான் ஒரு அக்கா கூடவே வாராகன்னு வச்சுக்கிட்டோம். இவ தெனமும் அவகளுக்கு பெல்ட்டு போட்டுவிட்டுப் பேசிக்கிட்டே வருவா."

"பயமா இருக்காதுங்களா?"

"எதுக்குப் பயம்?" அபிராமி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல அக்காதான். ஆனா அண்ணே, ஒண்ணு சொன்னா இவுக நம்ப மாட்டாக. ரெண்டு நாளா பெல்ட்டு போட்ட பெறவும் நடுவுல ஒரு வாட்டி கத்துது. போகாத போகாதங்கிற மாதிரி."

பட்டறையில் தட்டும் சத்தம் ஒரு கணம் தப்பி மறுபடி தொடங்கியது.

தரணி இறங்கினான். அவள் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"குரூப்புல அந்தக் கேள்வியைக் கேட்டது என் சம்சாரமுங்க. பேரு நித்யஸ்ரீ. கேட்ட ஒம்பதாம் நாள் இதே வண்டியில போயிட்டா. ஏர்பேக் விரியலை. நான் பதில் சொல்லியிருந்தா அவ அன்னிக்கு வண்டியை எடுத்திருக்க மாட்டா."

ராபின் கையிலிருந்த பை இறங்கியது. முகம் சிவந்தது.

"இத ஏண்ணே காலையிலயே சொல்லல?"

"வாயில வரலீங்க."

"வாயில வரலயா? நான் மட்டும் ஒரு மணிக்கே கெளம்பியிருந்தேன்னா?"

"விடுங்க," என்றாள் அபிராமி. அவள் தலையணையை எடுத்துவிட்டாள். பெட்டியையும் அவளே இறக்கப் போனாள். ராபின் ஓடி வாங்கிக்கொண்டான். "நாம பஸ்ஸுலயே போலாம். முன் சீட்டுல எடம் கேட்டு உக்காந்துக்குவேன்."

ஆட்டோ வந்தது. ஏறும்முன் ராபின் சாவியைத் தரணியின் கையில் வைத்தான். கோபம் இன்னும் இறங்கவில்லை. "நீங்கதானே எல்லாருக்கும் பதில் சொல்லுதவுக. இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்து எனக்குச் சொல்லுங்க. மூடிடாதீங்க."

அபிராமி ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்துக் காரை நோக்கிக் கை அசைத்தாள். தரணியை நோக்கி அல்ல.

*

பட்டறையில் டீ நேரம். தட்டும் சத்தம் மொத்தமாக நின்றது. சந்தில் ஒரு நாய்கூட இல்லை.

தரணி பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினான். ஏர்பேக் பக்கம் கை வைக்குமுன் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். அது ஆறாம் நம்பர் பதில். உள்ளே போய் உட்கார்ந்து பொறுத்தான்.

பக்கத்தில் காலி சீட்டு. குறுக்கே பெல்ட், அபிராமி மாட்டியபடியே. மின்சாரம் இல்லாத வண்டியில் சத்தம் வர வழியில்லை. ஆனாலும் காது அந்தப் பக்கமே இருந்தது.

கழற்ற மனம் வரவில்லை. அப்படியே விட்டான்.

காத்திருந்த நேரத்தில் குழுவைத் திறந்தான். சேவூர்க்காரியின் பதிவுக்குப் போனான். 'மீண்டும் திற', 'அழி'. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. திறந்தான். நம்பர் எதையும் தட்டாமல் எழுதினான்.

'சம்பந்தம் இருக்கிறது. விளக்கு எரியாவிட்டால் ஏர்பேக் வேலை செய்யாது. சீட்டுக்கடியில் போகும் அதன் வயரையும் யாரோ தொட்டிருக்கிறார்கள், அதனால்தான் சத்தம். வண்டியை எடுக்காதே நித்யா.'

கடைசி வரியை அழிக்கலாமா என்று பார்த்தான். அழிக்காமல் அனுப்பினான்.

பத்து நிமிடம் ஆனது.

ஸ்டியரிங்கின் நடு மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பினான். அசலாக இருந்தால் அப்படி வராது. இது ஒரே நெம்பில் கையோடு வந்துவிட்டது. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

உள்ளே ஏர்பேக் இல்லை. குழி நிறையத் துணி.

பனியன் வேஸ்ட். கட்டிங் மேஜையில் மிஞ்சுகிற துண்டுகள். திருப்பூரில் தடுக்கி விழுந்தால் அதன்மேல்தான் விழவேண்டும். புரோக்கர் அடைத்திருப்பான் என்று நினைத்து ஒரு துண்டை இழுத்தான். கையில் பிரித்தான்.

வெளிர்மஞ்சள் துணி. அதில் நீல நத்தைகள்.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

அந்த நீலம் சரியில்லை என்று சாயப்பட்டறைக்கு மூன்று தடவை திருப்பி அனுப்பியவன் அவன். குழந்தைகள் இரவு உடுப்பு. கார் வீட்டுக்கு வரும் முன்பே அந்த ஆர்டரை வெளிநாட்டுக்காரன் ரத்து செய்துவிட்டான். டிசைன் வெளியே கசியக்கூடாது என்று ஒப்பந்தம். ஒரு துண்டுகூட வேஸ்ட் வியாபாரிக்குப் போகவில்லை. எல்லாம் கம்பெனியின் பின்பக்கக் கோடவுனில், பூட்டுக்குள்.

புரோக்கருக்கு இது கிடைக்காது. அவள் எடுத்த படத்திலேயே விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் அவள் உயிரோடு இருந்தபோதே, அவர்கள் கம்பெனிக்குள்ளிருந்து, யாரோ.

மடியில் போன் அதிர்ந்தது. அண்ணன்.

"அழிச்சிட்டயா?"

"இல்லீங்கண்ணா."

மறுமுனையில் மெஷின் சத்தம் இல்லை. கம்பெனியில் அவர் எங்கோ ஒதுங்கி நின்று பேசுகிறார்.

"அந்தப் பையன் கெளம்பிட்டானா?"

"பஸ்ஸுல போயிட்டாங்க. வண்டி இங்கதான் நிக்குது. நான் உள்ளதான் உக்காந்திருக்கேன்."

அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"ஸ்டியரிங்கைத் தொறந்துட்டயா, கண்ணு?"

காலையில் அண்ணனிடம் தரணி சொன்னதெல்லாம் ஒரு பெல்ட்டைப் பற்றி மட்டும்தான்.